முகம் தெரியாத சகோதரர்மேல் ஒரு புகார்

கர்த்தருக்குள் பிரியமான மச்சானுக்கும் தங்கச்சிக்கும்,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், கடையும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. உங்கள் சின்னவளுக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது முதற்கொண்டு எங்கள் சபை முழுவதற்கும் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் இருவரும் ஊழியத்துக்குப் போன நாளாக, உங்களிடமிருந்து வரும் ஜெபக் கடிதத்தைப் போதகர் ஆராதனை முடிவில் வாசிக்கிறார். வாசிக்கட்டும். தங்கச்சி அந்த ஊர்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது, நீங்கள் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நோயாளிக்கு ஜெபம் பண்ணியது, பெரியவன் உங்கள் பிரசங்கத்தின் நடுவே எழுந்து "அப்பா, போதும்" என்றது, எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் சபையோடு நிற்கிறதா? வீட்டுக்கும் வருகிறது. உங்கள் அக்கா அதைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்து, காலை ஜெபத்தில் வரிவரியாகக் கர்த்தரிடம் ஒப்புவிக்கிறாள். கூரை ஒழுகுகிறது, சின்னவளுக்குச் சளி விடவில்லை, கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை... எனக்கு ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும். கடைசியில், ஆமென் சொல்ல மூச்சு இழுக்கும் இடைவெளியில், "இவரையும் ஆசீர்வதியும்." அவ்வளவுதான். மூட்டை தூக்கி, தள்ளுவண்டியில் ஆணி விற்று, ஒரு ஹார்ட்வேர் கடையை எழுப்பி நிறுத்தியவனுக்கு வீட்டில் கிடைக்கும் பங்கு இது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, எனக்கும் ரெண்டு வரி சேத்து ஜெபம் பண்ணுனா கர்த்தர் கோவிச்சுக்குவாரா?"

"உங்களுக்கு என்னங்க குறை? தலைக்கு மேல கூரை இருக்கு. என் தம்பி புள்ளைங்க பக்கத்துல பாத்திரம் வச்சுக்கிட்டுத் தூங்குதுங்க."

வியாபாரி மூளை சும்மா இருக்குமா? கூரை ஒழுகுவது நின்றால் கூரைக்கான ஜெபமும் நிற்கும், அந்த இடம் காலியாகும், அதில் நான் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கடையிலிருந்த கூரைத் தகடுகளில் நல்லதாகப் பொறுக்கி, கடைப்பெயர் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆணி, வாஷர் எல்லாம் சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டேன். ஆமாம் மச்சான், அது நான்தான். கொஞ்சம் உட்கார்ந்து படிக்கவும். பெயரை ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? சொன்னால் அடுத்த வாரமே சபை மொத்தமும் கடை வாசலில் வந்து நின்று தள்ளுபடி கேட்கும்.

அடுத்த கடிதம் வந்தது. "முகம் தெரியாத ஒரு சகோதரர் மூலமாகக் கர்த்தர் எங்கள் கூரையை மூடினார்" என்று போதகர் வாசித்தபோது சபையில் கண் துடைக்காத ஆள் இல்லை. நானும் துடைத்தேன், என் தகடு அல்லவா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் அக்காவுக்கு அதே பேச்சு.

"எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா? வாஷரைக்கூட மறக்காம அனுப்பியிருக்காரு. நீங்களும் அதே வியாபாரம்தான பண்றீங்க, ஒருநாளாவது தோணுச்சா?"

மறுநாள் கடைக்கு வந்தவள், தகடு அடுக்கியிருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். ஈரம் பட்டுத் துருப்பிடித்தது, கழித்துவிட்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சரக்கைத் துருப்பிடிக்க விடுறதுக்கா ஒரு கடை? அந்த நல்ல மனுஷன் கடையா இருந்தா இப்படி விடுவாரா?" என்றாள். ஒரே தகட்டுக்கு அவனுக்கு ஆசீர்வாதம், எனக்குத் திட்டு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஜெபத்தில் கூரை இருந்த இடம் காலியானது உண்மை. ஆனால் அதில் நான் உட்காரவில்லை, அவன் உட்கார்ந்துகொண்டான். அவனுடைய தொழில் செழிக்க வேண்டுமாம், அவனுடைய போக்குவரத்து காக்கப்பட வேண்டுமாம். மோட்டாரையும் கொடுத்துத் தொலைத்தால் இவளுக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சாது என்று அதையும் பெயரில்லாமல் அதே லாரியில் அனுப்பினேன். கூடவே, அவனுக்குப் போட்டியாக, என் பெயர் போட்டே ஒரு பெயிண்ட் டப்பா. நீங்களும் இருவருக்கும் ஒரே வரியில் நன்றி எழுதிவிட்டீர்கள். உங்கள் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா?

"அவரு மோட்டார் அனுப்புறாரு, நீங்க பெயிண்ட் அனுப்புறீங்க. அதுவும் கடையில யாரும் தொடாத கலரு!"

கலர் விஷயம் உண்மைதான், அதை விடுங்கள். மச்சான், கல்யாணமான நாள் முதல் என்னைப் பற்றி அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவனைச் சொல்லும்போது குரல் குழைகிறது. அந்தக் குரல் எனக்கு வேண்டும். ஆகவே அடுத்த ஜெபக் கடிதத்தில் தகடும் மோட்டாரும் அனுப்பியது நான்தான் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். நானே சொன்னதாகத் தெரியக் கூடாது. கர்த்தர் உங்களுக்கு வெளிப்படுத்தினார் என்று போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதாவிட்டால் அடுத்த மழைக்கு நீயே கூரைமேல் ஏறிப் பார்த்துக்கொள். மன்னிக்கவும், கோபத்தில் மரியாதை தவறிவிட்டது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், தங்கச்சிக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் வாசலையும் என் கடை ஷட்டரையும் காக்கிறவர் உறங்காமல் காப்பாராக.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் காலை ஜெபத்துக்குக் கூப்பிட்டுவிட்டாள். இன்று அவனுக்காகக் கேட்டதைக் கேளுங்கள்: "கர்த்தாவே, அவரு நாள் பூரா நின்னே வேலை பாக்குறவரு. அவரோட வலது தோள்பட்டை வலியை எடுத்துப் போடும். வாய்தான் நீளமே தவிர மனசு குழந்தை. அவரு பொண்டாட்டி எப்பவாவது சுருக்குன்னு பேசிட்டா, அவரு மனசுல வச்சுக்காம இருக்கக் கிருபை தாரும்." எனக்கும் வலிப்பது வலது தோள்தான். முகமே தெரியாதவனுடைய தோள் வலி இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் ஜெபம் நின்றுபோகும். ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடவும். காகிதத்தை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். என் பெயரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம். அங்கே வேறு என்ன உடைந்திருக்கிறது என்பதை மட்டும் சீக்கிரம் எழுதவும், லாரி வெள்ளிக்கிழமை கிளம்புகிறது.