அண்ணியின் கணினி தின்ற கரண்ட்

உலகத்தில் இதுவரை நடந்த ஆராய்ச்சிகளை இரண்டே வகையாகப் பிரிக்கலாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது ஒன்று. மீதி எல்லாம் இன்னொன்று.

நடத்தியவர் என் அண்ணன். வேலையை உதறிவிட்டுச் 'சிக்கன ஆலோசகர்' ஆனவர். இதுவரை ஒருவரும் ஆலோசனை கேட்டு வந்ததில்லை. அதற்காக அவர் சொல்லாமல் இருந்ததுமில்லை. அவருக்கு உதவியாக ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் வேலைக்குப் போவதில்லை.

போன கோடையில் கரண்ட் பில் எகிறியதும் அண்ணன் அவசரக் கூட்டம் கூட்டினார். தலைவர் அவர், செயலாளர் நான், குற்றவாளி அண்ணியின் கணினி. அண்ணி வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவர். பின்னறையில் ஒரு பெட்டி, இரண்டு திரை, ஒரு பிரிண்டர்.

"நாள் பூரா ஓடுது. கரண்டைத் தின்னாம காத்தையா தின்னும்? வித்துத் தொலைச்சிடலாம்" என்றார் தலைவர்.

"வித்தா என் வேலை போயிடும்ங்க. முதல்ல அளந்து பாருங்க" என்றார் அண்ணி.

அந்த முதல் வாக்கியத்தைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று தலைவர் எனக்குச் சைகை காட்டினார்.

ஆய்வு முறை எளிமையானது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிட்டு, கூடத்துச் சுவரிலிருக்கும் மீட்டரைப் பார்ப்பது. ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது, உள்ளேயிருந்த பாலும் கெட்டது. பின்னறையில் அண்ணி வியர்வையில் குளித்துக்கொண்டு பக்கம் வடிவமைத்தார். கூடத்து ஏசிக்கு மட்டும் விலக்கு. ஆராயும் மூளை சூடாகக் கூடாதல்லவா! நாங்கள் இருவரும் அதனடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆராய்ந்தோம்.

மீட்டரில் எண்கள் தலைதெறிக்க ஓடின.

"பாத்தியாடா, ராட்சசி!" என்றார் அண்ணன்.

"கணினியைத்தானே சொல்றீங்க?" என்று உறுதி செய்துகொண்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணி வந்தார். எங்கள் தலைக்கு மேலே பார்த்தார். "அந்த ஏசி?"

"அது ஆராய்ச்சிக் கருவி. கருவியைக் கணக்குல சேக்கறது வழக்கமில்லை."

அண்ணி உள்ளே போய், கணினியின் வயரைப் பிடுங்கிக் கையோடு கொண்டுவந்து காட்டினார். "இப்பப் பாருங்க."

பார்த்தோம். எண்கள் ஓட்டத்தைக் குறைக்கவே இல்லை. அண்ணன் முகம் வெளிறியது. உண்மை உறைத்துவிட்டதோ என்று ஒரு நொடி நானே பயந்துபோனேன்.

"ஐயோ! பிடுங்கின பிறகும் தின்னுதேடா! எவ்வளவு ஆபத்தான மிஷின்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கும் மனசாட்சி லேசாகக் குத்தியதுதான். ஆனால் ஏசி நேராக என் மேல் வீசிக்கொண்டிருந்தது.

அண்ணி மறுநாளே கணினியை ஒரு வண்டியில் ஏற்றினார், கூடவே அவரும் ஏறிக்கொண்டார். அவருடைய அக்கா வீட்டில் இப்போது வேலை அமோகமாக நடக்கிறதாம்.

அடுத்த பில் வந்தது. கொஞ்சமும் நன்றியில்லாமல், அநேகமாகப் பழைய தொகையே. அண்ணன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, இதையெல்லாம் இத்தனை நாள் யார் கட்டினது?"

செயலாளர் என்ற முறையில் பதில் சொன்னேன். "கணினிதாண்ணே."

போன வாரம் மின்வாரிய ஆள் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார். ஏசியும் இல்லாமல் வேர்த்து வழியும்போதுதான் அண்ணனின் கண்டுபிடிப்பு எவ்வளவு சரி என்று விளங்குகிறது. ஒரு வேலையும் செய்யாமல் தின்றுகொண்டே இருக்கும் மிஷின் எங்கள் வீட்டில் இருக்கத்தான் செய்தது. ஒன்றல்ல, இரண்டு. போர்வையைப் போர்த்திக்கொண்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன.