கொடி போர்த்திய சோபா

தலையே போனாலும் அந்தச் சோபாவை விடுவதில்லை என்று பரமேஸ்வரன் கங்கணம் கட்டிக்கொண்டார். ஜோடியில்லாத ஒற்றை சோபா அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரோடு இருக்கிறது. கைப்பிடியில் பஞ்சு எட்டிப் பார்க்கும். நடுவிலிருக்கும் ஸ்பிரிங், உட்காருகிறவரைக் கீழிருந்து நலம் விசாரிக்கும். ஊருக்கெல்லாம் குத்தும், அவருக்கு மட்டும் குத்தாது. அதில் சாய்ந்தால்தான் மனுஷருக்குத் தூக்கமே வரும்.

மனைவி தாமரைக்கோ அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"நாளைக்குப் பழைய சாமான் லோரி வருது. ஏத்தி விட்டுடறேன்."

"ஏத்தித்தான் பாரேன்!"

"பார்க்கத்தானே போறேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். பரமேஸ்வரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அலைந்தார். சுதந்திர தினம் வரும் ஆகஸ்ட் மாசம். கடைக்குக் கடை, காருக்குக் கார் நாட்டுக்கொடி ஜாலூர் கெமிலாங். ஒரு ஜவுளிக்கடை வாசலில் கொடி அச்சிட்ட துணி சுருள் சுருளாக நின்றது. அட! கொடியைத் தூக்கிக் குப்பை லோரியில் போட எவளுக்குத் துணிச்சல் வரும்?

விரலெல்லாம் ஊசிக்குத்து வாங்கி அவரே உறை தைத்து மாட்டினார். சோபா சிவப்பும் வெள்ளையுமாக, பிறையும் நட்சத்திரமுமாக ஜொலித்தது.

"என்னங்க இது?"

"நாட்டுப்பற்று! இப்ப தூக்கிப் போடு பாப்போம்."

தாமரை சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெரிய சண்டைக்குத் தயாராக நின்றார் அவர். சண்டை வரவில்லை. அதுதான் அவருக்கு உதறலாக இருந்தது.

"அழகா இருக்குங்க. இனி இதத் தொடவே மாட்டேன் லா."

ஜெயித்தாச்சு! பரமேஸ்வரன் கால்சட்டையைத் தளர்த்திவிட்டு உட்காரப் போனார்.

"ஐயய்யோ! கொடி மேலயா உட்காரப் போறீங்க?"

பாதி வழியில் அந்தரத்தில் நின்றார்.

"இல்ல... துணிதானே..."

"பிறை நட்சத்திரம் மேல உங்க தொந்தி தொப்பையெல்லாம் வைக்கறதா? ஸ்கூல்ல என்னதான் படிச்சீங்க?"

அதோடு விட்டாளா? தாமானில் குடியிருப்பவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கமலநாதன் வந்து பார்த்துக் கை தட்டினார்.

"வீட்டலங்காரப் போட்டியில இத சேர்த்தாச்சு பாஸ். யாரையும் உட்கார மட்டும் விட்டுடாதீங்க!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். வருகிறவன் போகிறவனெல்லாம் சோபாவோடு படம் பிடித்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் காவலுக்கு நின்றார். டிவியில் பந்து விளையாட்டை நின்றுகொண்டே பார்த்தார். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்தது. கட்டிலில் புரண்டால் தூக்கம் பிடிக்கவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. பரிசும் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மலேசியா தினமும் முடிந்து வந்த சனிக்கிழமை, அவர் சரணடைந்தார்.

"தாமரை, கொண்டாட்டம்தான் முடிஞ்சிடுச்சே. துணிய கழட்டிடட்டுமா?"

"தாராளமா கழட்டுங்க. ஆனா மரியாதையா. தரையில படக்கூடாது. ஒழுங்கா மடிச்சு, மாடி அலமாரியில மேல் தட்டுல வைங்க. அவசரமே இல்ல."

எவ்வளவு நல்லவள் என்று அவருக்கு மனசே நெகிழ்ந்துவிட்டது. தையலைப் பிரித்தார். மடித்தார். பூசைத் தட்டு மாதிரி இரு கையிலும் ஏந்தி மாடியேறினார். மேல் தட்டைத் துடைத்து, கொடியை வைத்து, ஒரு கும்பிடும் போட்டார். அப்பாடா, இனி ஒரு குட்டித் தூக்கம்!

இறங்கி வந்தால் ஹாலில் சோபா இருந்த இடத்தில் நாலு கால் தடம்தான் இருந்தது. வாசலுக்கு ஓடினார். பழைய சாமான் லோரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே தெருமுனை திரும்பியது. அதன் முதுகில் அவருடைய சோபா, பஞ்சு பறக்கப் போய்க்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! தொடவே மாட்டேன்னு சொன்னியே!"

தாமரை நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கொடி இருந்த வரைக்கும் ஒரு விரலாவது வெச்சேனா, சொல்லுங்க?"