சாம்பிளுக்கு இடம் கிடைத்தது

"டீச்சர், விருந்து எப்போ? உங்க சாம்பிளுக்கு சீட் கிடைச்சிருச்சு!"

கணக்கு வாத்தியார் கதவில் சாய்ந்துகொண்டு இப்படிச் சொன்னபோது, வழிகாட்டி டீச்சர் அதை அவருடைய வழக்கமான கிண்டல் என்றுதான் நினைத்தார். பிறகு அவர் கையிலிருந்த கல்லூரிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். தேர்வானவர்கள் பட்டியலில் பதினேழாவதாக, கொட்டை எழுத்தில், சாம்பிளின் பெயர் இருந்தது.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சாம்பிள் என்று ஒருத்தி கிடையவே கிடையாது.

பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்வது வழிகாட்டி டீச்சரின் வேலை. நேர்காணலில் உட்காருவது எப்படி, பேராசிரியரோடு பேசுவது எப்படி, விடுதியில் அடுத்தவர் சோப்பைத் தொடாமல் வாழ்வது எப்படி, எல்லாவற்றுக்கும் ஒத்திகை வைப்பார். விண்ணப்பம் நிரப்புவதில்தான் பிள்ளைகள் அவருடைய உயிரை வாங்கினார்கள். 'தந்தை பெயர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான் ஒருவன். 'பாலினம்' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினாள் இன்னொருத்தி. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கற்பனைப் பெண்ணின் பெயரில் தானே ஒரு படிவத்தை நிரப்பிச் சுவரில் பெரிதாகக் காட்டினார். படிவத்தில் அவளுக்கு அழகான பெயர் இருந்தது. வகுப்பில் அவள் சாம்பிள்தான்.

அதற்கப்புறம் டீச்சருக்கு எடுத்ததற்கெல்லாம் சாம்பிள். "சாம்பிள் இப்படியா உட்காருவா?" "சாம்பிள் கையெழுத்தைப் பாரு, முத்து முத்தா இருக்கு." 'என்னைப் பற்றி' என்ற கட்டுரையை அவளுக்காக மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். சாம்பிளுக்கு மழை பிடிக்கும், கூட்டம் பிடிக்காது, யாரும் பார்க்காதபோது பாடுவாள். அதை வகுப்பில் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுவார். தான் பெற்ற மகளைப் பற்றிக்கூட இந்த அளவுக்கு அவர் யோசித்ததில்லை.

பிள்ளைகளை நம்பினால் கடைசித் தேதி தாண்டிவிடும் என்பதால், எல்லா விண்ணப்பங்களையும் டீச்சரே கட்டாகக் கட்டி அனுப்புவதுதான் அங்கே வழக்கம். அவருக்கு எதிலும் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். வகுப்பில் பெயர் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க மாட்டார். வகுப்புத் தலைவி "முப்பத்தெட்டு, மிஸ்" என்பாள், அவர் குறித்துக்கொள்வார். அதே மாதிரி முப்பத்தெட்டு உறைகளை எண்ணி, நூல் போட்டுக் கட்டி, அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டுக்குள் சாம்பிளும் ஏறிப் போய்விட்டாள்.

தலைமையாசிரியர் விஷயத்தைக் கேட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"போலி விண்ணப்பம்னு தெரிஞ்சா நம்ம லிஸ்ட்டையே கிழிச்சுப் போட்டுருவாங்க டீச்சர்! அத்தனை பிள்ளைங்க படிப்பும் போச்சு. சேர்க்கை முடியறதுக்குள்ள அந்தப் பொண்ணு இருக்கக் கூடாது."

"இப்பவும் இல்லையே சார்."

"அந்த இல்லாததை இல்லாம பண்ணுங்க!"

டீச்சர் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். சந்தேகம் கேட்க வந்து எட்டிப்பார்த்த பிள்ளைகளை எல்லாம் "அப்புறம் வாங்க, தலைக்கு மேல வேலை" என்று விரட்டினார். பிறகு சாம்பிளின் முத்து முத்தான கையெழுத்தில் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்குக் கல்லூரியில் சேர விருப்பமில்லை, மன்னிக்கவும், அவ்வளவுதான்.

மூன்றே நாளில் பதில் வந்தது. 'புதிய இடம் என்றால் தயக்கம் வருவது இயற்கை. உங்கள் கட்டுரையைப் படித்து எங்கள் துறைத்தலைவர் கண்கலங்கினார். உங்களைக் கைவிட மாட்டோம். கூட்டம் பிடிக்காது என்று எழுதியிருந்ததால் விடுதியில் தனியாக ஒரு மூலை அறை ஒதுக்கியிருக்கிறோம். புகைப்படம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.'

துறைத்தலைவர் கண்கலங்கினார் என்ற வரியை டீச்சர் நான்கு முறை படித்தார். அந்தக் கவலையிலும் உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"தலை தப்பிச்சுது டீச்சர்" என்றார் கணக்கு வாத்தியார். "இல்லாதவளுக்கு ஃபோட்டோ எங்கேர்ந்து வரும்? வெள்ளிக்கிழமை தானா கழண்டுக்குவா. நீங்க சும்மா இருங்க."

சும்மா இருந்திருக்கலாம். டீச்சரால் முடியவில்லை. கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசி, "ஃபோட்டோ வரலைன்னா தயவுதாட்சண்யம் பார்க்காதீங்க, பேரை அடிச்சிடுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். சேர்க்கைப் பிரிவு எழுத்தர், "ரொம்பக் கறாரான டீச்சரா இருக்கீங்களே மேடம், நாங்க அந்தப் பொண்ணு வீட்டுக்கே ஒரு தபால் போட்டு ஞாபகப்படுத்திடறோம்" என்றார்.

படிவத்தில் சாம்பிளின் முகவரியாக டீச்சர் எழுதியிருந்தது பள்ளியின் முகவரியைத்தான். தபால் வந்து, மாணவர் கடிதங்கள் செருகும் பலகையில் இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை பார்த்தபோது காணோம். யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுத்தர் கூப்பிட்டார்.

"கவலையே படாதீங்க மேடம். ஃபோட்டோ வந்துருச்சு. நேர்லயே வந்து கொடுத்துட்டுப் போயிருச்சு."

"யாரு?"

"என்ன மேடம், அந்தப் பொண்ணுதான். அமைதியான பொண்ணு. கூட்டம் குறையற வரைக்கும் ஓரமா நின்னுட்டு அப்புறம்தான் வந்துச்சு."

டீச்சர் உடனே படத்தின் நகல் ஒன்றை அனுப்பச் சொன்னார். வந்தது. இதே பள்ளிச் சீருடை. இறுக்கிப் பின்னிய சடை. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அவளை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. சாம்பிளுக்குத் தான் மனத்தில் கொடுத்த முகம் இதுதானோ, எழுதி எழுதியே உருவம் வந்துவிட்டதோ என்று நினைத்தபோது, மின்விசிறி ஓடும் அறையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

கணக்கு வாத்தியார் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பார்த்த முகமாத்தான் இருக்கு. ஆனா யூனிஃபார்ம் போட்டா எல்லாம் ஒரே மாதிரிதானே டீச்சர் இருக்கு?" என்றவர், படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அவர் விருந்து கேட்கவில்லை.

அன்று டீச்சர் வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது, கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"உனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. உன் ஸ்டூடண்டாம். பேரு என்னமோ சாம்பிளாம். இந்தக் காலத்துல பிள்ளைங்களுக்கு என்னென்ன பேரெல்லாம் வைக்கிறாங்கப்பா!"

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என்... என்ன சொன்னா?"

"ஏதோ முக்கியமாச் சொல்லணும்னா. நீ குளிக்கிறேன்னேன். பரவால்ல சார், எப்பப் போனாலும் டீச்சர் பிஸிதான்னு வெச்சுட்டா. மரியாதையான பொண்ணு. ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடேன்."

"வாயை மூடுங்க!" என்று கத்திவிட்டு, போய் வாசல் கதவைத் தாழ் போட்டார். அதன் பிறகு அந்தத் தொலைபேசி அடித்த போதெல்லாம் அவர் அதை எடுக்கவில்லை, கணவரையும் எடுக்க விடவில்லை.

திங்கட்கிழமை கணக்கு வாத்தியார்தான் அந்த யோசனையைக் காதோரம் சொன்னார்.

"கொன்னுடுங்க."

"என்ன சார் சொல்றீங்க!"

"காகிதத்துலதான் டீச்சர். காகிதத்துல பிறந்தவ காகிதத்துல போகட்டும். செத்தவளுக்கு யாரும் மூலை அறை கொடுக்க மாட்டாங்க."

டீச்சர் பள்ளியின் கடிதத்தாளை எடுத்தார். 'மேற்படி மாணவி எதிர்பாராத விதமாகக் காலமானார்' என்று எழுதினார். இல்லாத ஒருத்திக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, அது மையில் பட்டுவிடாமல் துடைத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். தலைமையாசிரியர் நிம்மதியாகத் தேநீர் வரவழைத்தார்.

தேநீர் ஆறுவதற்குள் என்று சொல்ல முடியாது, இரண்டு நாள் ஆயிற்று. கல்லூரியிலிருந்து எழுத்தர் பேசினார். இந்தத் தடவை அவர் குரலே சரியில்லை.

"மேடம், உங்க கடிதம் வந்துச்சு. காலமாயிட்டாங்கன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க. ரொம்ப வருத்தமான விஷயம்."

"எப்போ மேடம்?"

"போன... போன வாரம்."

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குக் காலையிலதான் மேடம் பெட்டியோட வந்து மூலை அறையில சேர்ந்துச்சு. இப்ப சாப்பிட்டுட்டு இருக்கு. நான் இங்கேர்ந்தே பார்க்கறேன்."

ரிசீவர் டீச்சர் கையிலிருந்து நழுவியது. தலைமையாசிரியர் அதை எடுத்து, ஏதோ சுடுவது போல மெல்ல அதனிடத்தில் வைத்தார்.

"நீங்களே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துருங்க டீச்சர்."

"நீங்களும் வாங்க சார்."

"எனக்கு முதுகுவலி."

கணக்கு வாத்தியாரைக் காணவே இல்லை.

ஆக, டீச்சர் தனியாகத்தான் போனார். கல்லூரி வளாகத்தில் வெயில் பளீரென்று அடித்தது. ஆனாலும் ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. சேர்க்கைப் பிரிவின் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் விடுதி தெரிந்தது. அதன் மூலை அறையின் சன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார்.

"எல்லா உண்மையும் சொல்லிடறேன்" என்றார் எழுத்தரிடம். "அப்படி ஒரு பொண்ணே கிடையாதுங்க. ஃபாரம் எப்படி நிரப்பறதுன்னு காட்ட நானே கற்பனை பண்ணினது. தவறிப் போய்க் கட்டுல சேர்ந்துடுச்சு. என்னை என்ன வேணா பண்ணுங்க, வேலையை விட்டுக்கூடப் போயிடறேன். என் பிள்ளைங்க சீட்டை மட்டும் தொடாதீங்க. அந்த அறையில இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அதைப் பார்க்கவே வேணாம்."

எழுத்தர் சிரிக்கவில்லை. ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"கட்டுல எத்தனை அனுப்பினீங்க மேடம்?"

"முப்பத்தெட்டு. எண்ணிக்கை சரியா இருந்துச்சு."

"உங்க பிள்ளைங்க எத்தனை பேரு?"

"முப்பத்தெ..."

டீச்சரின் விரல்கள் மடியில் தாமாகவே கூட்டிக் கழித்தன. சாம்பிளைக் கழித்தால் முப்பத்தேழு உறைதான்; ஒரு பிள்ளையின் உறை போகவே இல்லை.

எழுத்தர் கோப்பிலிருந்து அசல் சான்றிதழ்களை எடுத்து வரிசையாக அவர் முன்னால் வைத்தார். பள்ளியின் முத்திரை. இரண்டு வருட மதிப்பெண். 'வழிகாட்டல் வகுப்பு: ஒரு நாளும் தவறாத வருகை' என்ற வரியின் கீழே வழிகாட்டி டீச்சரின் கையெழுத்து. பக்கத்தில் மரணக் கடிதம், அதன் கீழேயும் அதே கையெழுத்து.

டீச்சர் சான்றிதழில் இருந்த பெயரைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். அந்தப் பெயர் அவருக்கு எதையும் நினைவுபடுத்தவில்லை.

"யாருங்க இது?" என்றார்.

"நாங்களும் பேரு ஏன் வேறயா இருக்குன்னு கேட்டோம் மேடம்" என்றார் எழுத்தர். "'ரெண்டு வருஷமா டீச்சர் வாயில என் பேரு ஒரு தடவைகூட வந்ததில்ல, சாம்பிள்னா உயிரையே விடுவாங்க, அதான் அந்தப் பேர்லயே வந்துட்டேன்'னு சொல்லுச்சு."