பூநாரைக்கு ஊதிய விசில்

சிலர் உத்தியோகத்தைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். எனக்கு அது உடம்போடு ஒட்டிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சேஃப்டி சூப்பர்வைசர் நான். வீட்டில் சாம்பார் கொதித்தாலும் எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்கிற ஜென்மம்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என் மனைவி மல்லிகா ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வருகிற பூநாரைகளைப் பார்க்க வேண்டும். ஷிப்ட், ஓவர்டைம் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஏழாம் மாதம். மறுநாள் வளைகாப்பு, முடிந்த கையோடு தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அப்போதுதான் ஐயாவுக்கு ரோஷம் வந்தது. விடிந்ததும் வாடகைக் காரில் கிளம்பினோம் (நாற்பதுக்கு மேல் டிரைவரை நான் ஓட்ட விடவில்லை).

ஆரணி ஆறு அகன்று ஏரியில் சேருமிடம். தண்ணீர்மேல் பனி படிந்திருந்தது. மூங்கில் கழியில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள், தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. இதை இத்தனை நாள் அவளுக்குக் காட்டாமல் விட்டேனே என்று மனசு உறுத்தியது.

"இன்னாங்க, எல்லாம் வெள்ளையா கீது? ரோஸ் கலர்னு சொன்னீங்க?"

"கிட்ட போனா தெரியும்." (எனக்கும் தெரியாது.)

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குளிருக்கு நான் மாட்டியிருந்தது ஆலையில் கொடுத்த பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட். கழுத்தில் விசில் வேறு.

"அத்தக் கயட்டிடு சார், பறவைங்க மிரளும். அம்மா கையப் புடிச்சிக்கினு போ, சேறு வழுக்கும்."

"சேஃப்டி எங்க வேலைங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன். கேமராவோடு சேற்றில் குப்புறப் படுத்திருந்த இருவர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

பத்தடி போயிருப்போம். மல்லிகாவின் கால் சறுக்கியது. "ஏங்க!" என்று கையை நீட்டினாள். புருஷன் என்று ஒருவன் இருந்தால் என்ன செய்வான்? நான் விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினேன். ஆலையில் ஆபத்தென்றால் அதுதான் முறை.

ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தவர் மீனவர்தான். அதற்குள் மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. நிற்கும்போது வெள்ளை, இறக்கையை விரித்ததும் அடியெல்லாம் ரோஜா நிறம். கேமராக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். மல்லிகாவோ மீனவரின் கையைப் பிடித்தபடி, "ரோஸுங்க! ரோஸு!" என்று வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. அவள் நீட்டிய கைதான் கண்ணில் நின்றது. அவர் இல்லாதிருந்தால்?

மறுநாள் வளையல் அடுக்கிய பெண்கள் ஒவ்வொருவரிடமும் கதையைச் சொன்னாள். இப்போது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கும் கதை மனப்பாடம். ரோட்டைக் கடக்கும்போது நான் கையை நீட்டினால் உடனே பிடிக்கமாட்டாள். முதலில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "விசில் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடிப்பாள்.