ரிம்முக்கும் பூசிய பச்சை வர்ணம்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

தெரியாத தொழிலைத் தெரியும் என்று கூறியவனுக்கு, என்றேனும் அதைச் செய்துகாட்ட நேரிடும். இவ்வுண்மையை நான் அறுபத்து நான்காம் வயதில், கண்டியில் எங்கள் வீட்டுச் சரிவில், இறங்கும் வேகத்திலேயே கற்றுக்கொண்டேன்.

மகள் சுமதிக்குத் திருமணம் நிச்சயமான அன்று, மாப்பிள்ளையின் தந்தையாரான நாவலப்பிட்டி சிவலிங்கம் அவர்கள் தமது பழைய துவிச்சக்கர வண்டியைப் பற்றிப் பேசினார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த உருக்கு வண்டி. வளைந்த கைப்பிடியும் பொதி வைக்கும் தட்டும் உடையது. துருவேறிக் கிடந்தாலும் பிறர் கையில் கொடுக்க மனம் வரவில்லை என்றார். அதன்பின் பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தது. அதை நிரப்பும் பொருட்டு, "இந்த மாதிரி வண்டி நாலஞ்சு நானே புதுசாக்கியிருக்கேன்" என்றேன். (ஒரு டியூப் கூட ஒட்டினதில்லை, சத்தியமா.) மறுவாரமே வண்டி என் வாசலில் வந்திறங்கியது.

மகள் என்னைத் தனியே அழைத்தாள்.

"அப்பா, அது பழுதாச்சுன்னா அந்த வீட்டுல காலம் பூரா நான்தான் பேச்சு கேக்கணும். தெரியலன்னா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு மாதம் உழைத்தேன். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் இலக்கமிட்டுச் சீட்டுக் கட்டினேன். துருவைத் தேய்த்தெடுத்து, ஆதியிலிருந்த கரும்பச்சையையே பூசினேன். மழை ஈரத்தில் ஒரு பூச்சுக் காய நான்கு நாள் பிடித்தது, காத்திருந்தேன். அதுவரை யாவும் சிறப்பே.

ஆனால் நான் முப்பத்தாறு ஆண்டுகள் அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்த இலிகிதராக இருந்தவன். படிவத்தில் ஒரு கட்டமேனும் வெறுமையாக இருந்தால் திருப்பியனுப்புவது என் வழக்கம். அந்தப் பழக்கத்தால் வண்டியிலும் ஓரிடத்தையும் வெறுமையாக விடவில்லை. இரு சில்லுகளின் ரிம்களுக்கும், பிரேக் கட்டை பிடிக்க வேண்டிய பக்கங்கள் உட்பட, வழுவழுவென இரண்டு பூச்சுக் கொடுத்தேன். போதாதென்று, பளபளக்கும்படி தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தும் வைத்தேன்.

வண்டியைப் பெற்றுச்செல்லச் சம்பந்தி பஸ்ஸில் வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் வீடு மேட்டில். பஸ் தரிப்பிடம் அடிவாரத்தில். அவருடைய வண்டியிலேயே இறங்கிச் சென்று அவரை வரவேற்பதே மரியாதை எனக் கருதி, வெள்ளை வேட்டியும் சால்வையுமாக ஏறி அமர்ந்தேன்.

முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினேன். வேகம் கூடிற்று. இரு கைகளாலும் நசுக்கினேன். இன்னும் கூடிற்று. எனக்கு வர்ணம் விற்ற நசீர் நானா கடை வாசலில் நின்று, "மெதுவா போங்க சேர், கீழ ஆக்கள் நிக்கிறாங்க" என்றார். சரியான அறிவுரைதான், கடைப்பிடிக்க வழியில்லை.

அடிவாரத்தில் சம்பந்தி வாழைப்பழச் சீப்புடன் நின்றார். என்னைக் கண்டதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, மலர்ந்த முகத்துடன் இரு கைகளையும் விரித்தார். நானும் புன்னகைத்தேன். (வேற என்னத்த செய்ய?) கடைசிக் கணத்தில் என் முகத்தை வாசித்தவர் போல் ஓரடி விலகி, கைப்பிடியை எட்டிப் பற்றி, சற்றுத் தூரம் இழுபட்டு, வண்டியை நிறுத்தினார். வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. மரக்கறிக் கடை முன்னிருந்த கோவா, அதாவது முட்டைக்கோஸ், மூட்டைகளின் மேல் என் பயணம் தனியே முடிவுற்றது.

சம்பந்தி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்னரே என்னை நோக்கினார்.

"சைக்கிளுக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. நீங்க பயப்படாதீங்க."

பிறகு ரிம்மில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். "ரிம்முக்குமா அடிச்சீங்க?"

"முழுசா இருக்கட்டுமேன்னு..."

"இதுக்கு முன்ன எத்தன சைக்கிள் செஞ்சீங்க?"

கோவா மேல் கிடந்தபடி பொய் சொல்வது எளிதன்று. "இதுதாங்க முதல்" என்றேன்.

என் மகளின் முகம் என் கண்முன் வந்தது. அவர் குனிந்து, என் சால்வையில் ஒட்டியிருந்த இலையை எடுத்தெறிந்தார்.

"பிரேம் அடிச்சது நல்லா வந்திருக்கு. அத ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது. ரிம்ம ரெண்டு பேருமா சுரண்டிருவோம்."

இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிச் சுரண்டினார். சுளுக்கிய மணிக்கட்டுடன் நான் சில்லைப் பிடித்துக்கொண்டேன். திருமணப் பேச்சில் மிச்சமிருந்த அத்தனையும் அந்தச் சில்லுக்கு இருபுறமும் அமர்ந்தே தீர்ந்தன.

இன்றும் எங்கள் இரு வீட்டிலும் எவரேனும் ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்றால், "ரிம்முக்கும் அடிச்சாச்சா?" என்பதே கேள்வி. முதலில் கேட்பவள் என் மகள்தான். சம்பந்தியோ ஒவ்வொரு விசேஷத்திலும் இக்கதையைச் சொல்கிறார். சொல்லுந்தோறும் கோவா மூட்டைகள் பெருகுகின்றன. சென்ற முறை ஒரு லொறி நிறைந்துவிட்டது. உண்மையில் மூட்டைகள் மூன்றே. ஆகையால் உண்மைக் கணக்கு அழியாதிருக்க, இவ்வெழுத்தைப் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.