கவுத்துடு மாமாவின் மூன்றாவது ஓலை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் இரண்டையும் சேர்த்துச் சல்லடையில் போட்டுச் சலித்தாலும், சீட்டாட வந்து சீட்டாடாமலே எழுந்து போகிற மனுஷன் ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ஒதியம்பட்டு கவுத்துடு மாமா. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? அது கோயில் புத்தகத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கையில் வந்த சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுருக்கி, "கவுத்துடு" என்று தரையில் குப்புறப் போடுகிற மாமாதான்.

கப்பல் குசினியில் வெங்காயம் வெட்டியே வாலிபத்தைக் கழித்தவர். கப்பலில் போனவர்கள் ஊர் திரும்பும்போது சென்ட்டு, சாக்லேட்டு என்று கொண்டுவருவார்கள். மாமா கொண்டுவந்தது ஒமாஹா ஹை-லோ என்கிற சீட்டாட்டம். எங்கள் வாயில் அது 'மேல்கீழ் ஆட்டம்' ஆகிவிட்டது. ஆளுக்கு நான்கு சீட்டு. நடுவில் ஐந்து சீட்டு பொதுவில் விழும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எடுத்து ஐந்தாக்க வேண்டும். ஜோடியைவிட வரிசை உசத்தி என்கிற கணக்கில் பெரிய கை சேர்த்தவனுக்குப் பந்தயத்தில் மேல்பாதி. எட்டுக்கு மேற்படாத சின்னச் சீட்டாகச் சேர்த்தவனுக்குக் கீழ்பாதி. ஏஸ் மேலுக்கும் ஆகும், கீழுக்கும் ஆகும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் டிராக்டர் கலியனின் கரும்புக் கொல்லையில், மோட்டார் கொட்டகை நிழலில் கூடுவோம். "காசு வச்சீங்கன்னா நான் எந்திரிச்சு பூடுவேன்" என்று மாமா மிரட்டியதால் பந்தயம் வெறும் புளியங்கொட்டை.

ஆட்டத்தைவிட மாமாவின் விளக்கவுரைக்காகத்தான் நான் போவேன். எந்தக் கையை ஆடுவது, எதை விடுவது என்பதில் அவருக்கு இருந்த கறார், பெண் எடுக்கிற வீட்டாருக்குக்கூட இருக்காது.

"ஏஸும் ரெண்டும் ஜோடியா வந்தா குந்து. கூட ஒரு மூணும் வந்தா சம்மணம் போட்டு குந்து. ஏழு, எட்டு, ஒம்பதுன்னு வந்துதா? அது நடுரோட்டுல நிக்கிற மாடு. மேலயும் போவாது, கீழயும் போவாது, நம்மளயும் போவ வுடாது. கவுத்துடு."

"மூணு சீட்டு நல்லாருக்கு மாமா, ஒண்ணுதான் ஒட்டல" என்பேன்.

"நாலும் ஒரே வூட்டுப் புள்ளைங்க மாரி இருக்கணும் மாப்ள. ஒட்டாத சீட்டு விருந்தாளி. சோத்துக்கு வருவான், களையெடுக்க வரமாட்டான்."

இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ரம்மியில் ஊறிய எங்கள் புத்தி மாறவில்லை. ஒரு ஞாயிறு டெய்லர் சவரிக்கு நான்கு ஏஸும் மொத்தமாக வந்துவிட்டன. ரம்மிக்காரனுக்கு ஒரே எண்ணில் நான்கு சீட்டு வந்தால் மாதாவே நேரில் வந்த மாதிரி. சவரி எழுந்து நின்று லுங்கியை மடித்துக் கட்டினான். சீட்டுக்கு முத்தம் கொடுத்தான். தன் புளியங்கொட்டை மொத்தத்தையும் நடுவில் கவிழ்த்தான். மாமா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, எழவு வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

நடுவில் நாலு, ஐந்து, எட்டு, பத்து, ராஜா விழுந்தன. கலியன் கையிலிருந்தவை இரண்டு, மூன்று, ஆறு, ஏழு. ஆறும் ஏழும் நடுவிலிருந்த நாலு, ஐந்து, எட்டோடு வரிசை கட்டி மேல்பாதியை எடுத்தன. இரண்டும் மூன்றும் அதே சீட்டுகளோடு சேர்ந்து கீழ்பாதியை எடுத்தன.

"இன்னாடா அநியாயம் இது! நாலு ஏஸுடா!" என்று சவரி கத்தினான்.

"நாலு இருந்தா இன்னா? ரெண்டுதான எடுக்க முடியும்? மத்த ரெண்டு ஏஸும் உன் கையிலயே மாட்டிக்கினு கெடக்குது, நடுவுல எப்படி வுழும்?" என்றார் மாமா. பிறகு கலியன் பக்கம் திரும்பி, "நீயும் இளிக்காத. அந்தக் கையும் கவுக்க வேண்டிய கைதான். தப்பு பண்ணி ஜெயிச்சிருக்க" என்றார்.

"நாலு ஏஸ வச்சிக்கினு தோத்தேன்னு சொன்னா எம் பொண்டாட்டி சோறு போடுவாளா?" என்று சவரி அன்றைக்கெல்லாம் புலம்பினான்.

மாமாவின் கவுத்துடு வைபவம் சீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வில்லியனூர் போக பஸ் ஸ்டாப்பில் நிற்பார். முதல் பஸ்ஸில் கூட்டம், கவுத்துடு. இரண்டாவதில் பாட்டுச் சத்தம், கவுத்துடு. மூன்றாவது காலியாக வரும். "காலியா வருதுன்னா அதுல ஏதோ கீது மாப்ள" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கல்யாண விஷயமும் இதே கதி. பெண் பார்க்கப் போய் பஜ்ஜி தின்றுவிட்டுக் கவுத்துவந்த வீடுகளை வரிசையாக நிறுத்தினால் மதகடிப்பட்டு வரை நிற்கும். அப்படியே தலை நரைத்து, மூட்டு வலியும் வந்து சேர்ந்தது.

அப்போதுதான் வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு ரோசாலி டீச்சர் வந்தார். மடுகரை பால்வாடியில் டீச்சர். புருஷன் தவறி வெகுகாலம். நோயாளி அம்மாவோடு இருப்பவர். திருவிழாச் சாப்பாட்டுக்கு மாமாதான் சமையல். டீச்சர் ஒரு வாய் சாம்பாரை எடுத்து வைத்துக்கொண்டு, "கப்பல்ல உப்புத் தண்ணியிலயே இருந்துட்டு வந்தவரு, சாம்பார்ல உப்பு போடக் கூடாதா?" என்று கேட்டார். மாமா போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் இலை ஓரத்தில் வைத்தார். அதற்கப்புறம் மடுகரைக்குப் போகிற எந்த பஸ்ஸையும் அவர் கவுத்ததாகத் தகவல் இல்லை. போன இடத்தில் என்ன பேசினார் என்கிறீர்கள்? மேல்கீழ் ஆட்டத்தின் சட்டதிட்டம். அந்த அம்மாள் அதையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று பெண் ஊரிலும் மாப்பிள்ளை ஊரிலும் அறிவிப்பார்கள். மாமாவின் முதல் ஓலையை வாசித்தபோது கோயிலில், "யாருபா அது, நம்ம ஊர்ல?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா வெட்கப்பட்டுக் குனிந்த பிறகுதான் விளங்கியது.

மோட்டார் கொட்டகையில் அன்றைக்கே பந்தயம் கட்டிவிட்டார்கள். "மொத ஓலை, நடுவுல விழுற மூணு சீட்டு. ரெண்டாவது ஓலை, நாலாவது சீட்டு. மூணாவதுக்கு முன்னாடி மாமன் கவுத்துடுவாரு பாரு" என்றான் சவரி. அத்தனை பேரின் புளியங்கொட்டையும் அந்தப் பக்கம்தான் குவிந்தது.

இரண்டாவது ஓலையும் ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மாமா என் வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, வண்டிய எடு. மடுகரைக்குப் போவணும். கவுத்துடலாம்னு கீறேன்."

எனக்குப் பகீரென்றது. "இன்னா மாமா வெளாடுறியா? ரெண்டு கோயில்லயும் பேர படிச்சாச்சு. இப்ப வேணாம்னா அந்தப் பொம்பள நாளைக்கு எப்படித் தல நிமிந்து பூசைக்குப் போவும்? பால்வாடிக்கு எப்படிப் போவும்?"

அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். மதகடிப்பட்டு வந்ததும் முதுகைத் தட்டினார். "நிறுத்து. வெறுங்கையோட போவக் கூடாது." இறங்கிப் போய் மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். கல்யாணத்தை நிறுத்தப் போகிறவர் மிக்சர் வாங்கிக்கொண்டு போவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்காகக் கலர் பேப்பரில் மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் அம்மா. மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் பயத்தில் ஜன்னலைப் பார்த்தேன். மறுநாள் பூசையில் அந்த அம்மாளை ஊரே திரும்பிப் பார்க்குமே என்றுதான் என் நினைப்பு ஓடியது.

"டீச்சர், நீ கவுத்துடு" என்றார் மாமா.

கத்தரி நின்றது. "நானா?"

"என் கையப் பாரு. வயசு பூட்ச்சி. மூட்டு வலி. ராத்திரில கொறட்டை. சமைக்கத் தெரியும், பேசத் தெரியும், அவ்ளோதான். இந்தக் கைய யாராச்சும் ஆடுவாங்களா? ஒனக்கு நான் சொல்லிக் கொடுக்காம யாரு சொல்லுவா? நாளைக்கு மூணாவது ஓலை. அதுக்குள்ள நீயே வேணாம்னு சொல்லிடு. பேரு கெட்டா என் பேரு கெடட்டும்."

இத்தனை நாளாக அவர் டீச்சரைத்தான் எடை போடுகிறார் என்று நினைத்திருந்தோம். மனுஷன் தன்னையே ஓரம் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுருக்கியிருக்கிறார்.

டீச்சர் மாம்பழத்தை முழுசாக வெட்டி முடித்தார். காம்பையும் விடவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"கையில எவ்ளோ சீட்டு இருந்தாலும் ரெண்டுதான எடுக்கணும்னு சொன்னீங்க?"

"ஆமா."

"சமையலு ஒண்ணு, பேச்சு ஒண்ணு. நான் எடுத்துக்கினேன். மூட்டும் கொறட்டையும் அது பாட்டுக்கு கெடக்கட்டும். கொறட்டை எங்கம்மாவே வுடும், தெருவே எழுந்திரிக்கும்."

"நான் முழிச்சிக்கினுதாண்டி கீறேன்!" என்று உள்ளேயிருந்து கிழவியின் குரல் வந்தது.

"சாம்பாருக்கு மட்டும் உப்ப நான் போட்டுக்குறேன்" என்றார் டீச்சர். "அந்த மிக்சர இப்படிக் குடுங்க, அமுக்கி அமுக்கி மாவா ஆக்கிட்டீங்க."

திரும்பி வரும்போது நெட்டப்பாக்கம் வரை மாமாவின் கை என் தோளில் இருந்தது. பள்ளம் மேடு வந்தபோதெல்லாம் நான் வழக்கத்தைவிட மெதுவாகப் போனேன்.

மறுநாள் பூசை. சவரியும் அவன் கூட்டமும் புளியங்கொட்டை நினைப்பிலேயே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் மூன்றாவது ஓலையை எடுத்து மாமாவின் பெயரை வாசித்தார். ரோசாலி டீச்சரின் பெயருக்கு வந்தபோது, பின் பெஞ்சிலிருந்து மாமா மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

கோயிலே மூச்சைப் பிடித்தது. சவரி கலியனுக்குக் கண்ணடிக்கத் தேடினான். கலியன் இந்து, வீட்டில் இருந்தான். சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னா, ஏதாச்சும் தடையா?"

"இல்ல சாமி" என்றார் மாமா. "சரியா கேக்கல. நல்லா கேக்கணும்னு எந்திரிச்சேன்."

எங்கள் கோயிலில் ஒரே ஓலையை இரண்டு தரம் வாசிக்கிற வழக்கம் கிடையாது. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு இரண்டு பெயரையும் முதலிலிருந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.