பிரபுவின் காலிப் பீப்பாய்

டொக்!

நிலவறை மூலையில் கிடந்த பழைய பீப்பாய்க்குள்ளிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டினார்கள். தன் பிரபு வம்சப் பெருமையை அளந்துகொண்டிருந்த ஒயின் ஆலை முதலாளி அனத்தோல் பேச்சை நிறுத்தினார்.

"என்ன அது?" என்றாள் லேபிள் தணிக்கைக்கு வந்திருந்த அதிகாரி வெர்தியே.

"எலி மேடம். நம்ம ஒயின் வாசனை அப்படி!"

"சரி, சொல்லுங்க. மொர்வால் பிரபு உங்களுக்கு யாரு?"

லேபிளில் 'மொர்வால் பிரபு வம்சத்தார் தயாரிப்பு' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தார் அனத்தோல். தேவாலயத்தின் பிறப்புப் பதிவேடுகள் எப்போதோ எரிந்துவிட்டன. இனி அவர் கையெழுத்திடும் வாக்குமூலம்தான் சாட்சி. பொய்யென்று தெரிந்தால் நாலாயிரம் பாட்டிலிலும் லேபிளை உரித்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் விற்பனை அம்பேல்.

பொய்தான். அவருடைய முன்னோர் க்ளோத், பிரபுவுக்கு, அந்த மூலையில் கிடப்பது உட்பட, பீப்பாய்கள் செய்து கொடுத்த தச்சர். ஊரறியப் பிரபுவுக்கு வாரிசே இல்லை.

"என் முப்பாட்டனாருக்கு அப்பா" என்றார் அனத்தோல்.

டொக்!

பாட்டில் கழுவிக்கொண்டிருந்த ஒர்த்தான்ஸ் நிமிர்ந்தாள். ஞாயிறுதோறும் தோழிகளோடு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, செத்துப்போன புருஷனோடு பேசுகிறவள் அவள். "முதலாளி, அது வந்து..."

"நீ வேலையைப் பாரு!" அனத்தோல் சிரித்து மழுப்பினார். "ஒயின் பொங்குது மேடம்."

"அதுல 'காலி'ன்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கே?"

அனத்தோல் ஓடிப்போய்ப் பீப்பாயின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஐஸ்கட்டிமேல் உட்கார்ந்ததுபோல் சில்லிட்டது. விளக்கு மங்கியது. எங்கிருந்தோ புது ஒயின் மணம் குப்பென்று வந்தது.

"என் உடம்புல ஓடுறது பிரபுவோட ரத்தம்!" என்றார்.

டொக். இந்தமுறை மெதுவாக, அவருக்கு நேர் கீழே, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

அனத்தோல் துள்ளி எழுந்து அதிகாரியின் பின்னால் ஒளிந்தார்.

"முதலாளி, நான் சொல்றதை..."

"வாயை மூடு ஒர்த்தான்ஸ்! பொய் சொன்னா பிரபுவுக்குக் கோபம் வருது, புரியலையா உனக்கு?" அவர் பீப்பாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க சாமி! நான் உங்க வம்சமில்லை. தச்சர் க்ளோத்தோட வம்சம்!"

டொக், டொக்.

பீப்பாய் ஒரு சாண் உருண்டு அவரை நோக்கி வந்தது.

"ஒத்துக்கிட்டேனே! இன்னும் என்ன?" என்று அலறியபடி, அதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குள்ள எல்லா லேபிளையும் உரிச்சிடணும்" என்று சொல்லிவிட்டு வெர்தியே இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அனத்தோல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "லேபிள் போனா போகுது. பிரபு சாந்தமாயிட்டார், பார்த்தியா?"

ஒர்த்தான்ஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பீப்பாயை இரக்கத்தோடு பார்த்தாள்.

"எங்க மேசையில வர்ற ஆவிங்க எல்லாத்துக்கும் ஒரே கணக்குதான் முதலாளி. ஒரு தட்டுன்னா 'ஆமா', ரெண்டு தட்டுன்னா 'இல்லை'."